சவுக்குத் தோப்பில் காயாத தடம்

பழவேற்காடு
27-4-1958

ஹனீபு,

சலாம். இந்தக் கடுதாசியை அங்கே யாருக்கும் படிச்சுக் காட்டாதே. போன புதன்கிழமை காலையில உன் வாப்பா நான் கைலி இல்லாம வேலி தாண்டிட்டேன்.

சுபுஹு தொழுதுட்டு நம்ம சவுக்குத் தோப்பு வழியா வந்துகினு இருந்தேன். ஒண்ணைப் பார்த்துப் பயந்து ஓடினதுல கைலி முள்வேலியில மாட்டிக்கிச்சு. அது வேலிக்கு அந்தாண்ட, நான் இந்தாண்ட. நல்லவேளை, மேல் சட்டை நீளம். எதிர்ல வந்த மோதினார் தன் தோள் துண்டை அவுத்துக் குடுத்தார். பாம்பான்னு கேட்டார். ஆமான்னேன். எவ்வளோ நீளம்னார். கையை விரிச்சுக் காட்டினேன். சாயந்திரம் அஸருக்கு நான் பள்ளிவாசல் போறதுக்குள்ள அந்தப் பாம்பு ஊருக்குள்ள பத்தடி வளந்துட்டது.

பாம்பு இல்ல. உன்கிட்ட மட்டும் சொல்றேன்.

தோப்பு மணல் இந்த வெயில்ல எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியும். உப்பு மாதிரி வெள்ளை. அதுல கருப்பா ஈர அடிகள். ஒண்ணு, அப்புறம் ஒண்ணு, ஊட்டுப் பின்கட்டுல இருந்து தொரவுக் கிணத்துப் பக்கம் போவுது. விரல் தெரியல. ஆனா இடது கால் அடி மட்டும் கொஞ்சம் வெளிய திரும்பி இருக்குது. நம்ம ஊட்ல அப்படி நடந்தவ உன் உம்மா ஒருத்திதான். அவளை அடக்கம் பண்ணி நாலு மாசம் ஆச்சு.

தொட்டுப் பார்த்தேன். சுத்தி இருக்கிற மணல் பொரி மாதிரி உதிருது. அடி மட்டும் இறுகி, சில்லுனு, உள்ளங்கால் பட்ட மாதிரியே இருந்துச்சு. அப்புறம்தான் ஓடினேன். பத்து மணிக்கு மேல வெளுத்துப்போவுது. மறுநாள் விடிஞ்சா அதே இடத்துல மறுபடியும். அஞ்சு நாளாப் பார்க்குறேன்.

பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்ட சொன்னா தண்ணியில ஓதி ஊதுவார். ஊர்ல சொன்னா ஊதுபத்தியோட வந்து நிப்பாங்க. எட்டாவதை ரெண்டு தடவை படிச்சவன் நான். அதனால பத்தாவதுக்குச் சமம்னு உங்க உம்மாகிட்ட பீத்திக்குவேன். அந்தப் படிப்பு இதுக்குப் பத்தல. நீ அணைக்கட்டுல மண் பரிசோதனை பண்ற பிள்ளை. மண்ணு இப்படிச் செய்யுமா? அதை மட்டும் எழுது. கங்கம்மா விஷயத்தை இதுல இழுக்காதே.

வாப்பா
அசன் முகைதீன்

வைகை அணை வேலைத்தளம்
3-5-1958

அன்புள்ள வாப்பாவுக்கு,

பதில் எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மண்ணைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு எழுதலாம்.

வாளி விளிம்பில் துண்டின் நுனி தண்ணீருக்குள் தொங்கினால், தண்ணீர் தானே துண்டில் ஏறி வெளியே சொட்டும் அல்லவா? மணலும் அப்படித்தான். நம் தோப்பில் ஒரு முழத்துக்குக் கீழேயே தண்ணீர் இருக்கிறது. மணல் துகளுக்கு நடுவே உள்ள சின்ன இடுக்குகள் அதை மேலே இழுக்கும். இடுக்கு எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம் இழுக்கும், அவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். இங்கே இரண்டு கண்ணாடிக் குழாயில் ஒரே மணலைப் போட்டோம். ஒன்றில் தளர்வாக, ஒன்றில் இடித்து இறுக்கி. இரண்டையும் தண்ணீரில் நிறுத்தினோம். தளர்ந்த மணலில் ஈரம் ஒரு சாண் ஏறி நின்றுவிட்டது. இறுக்கியதில் ஒரு முழம் தாண்டியது.

ஒரே இடத்தில் தினமும் கால் பட்டால் மணல் இறுகும். சவுக்கு வேர்கள் குறுக்கே ஓடும் இடத்தில் எல்லா நாளும் ஒரே இடத்தில்தான் கால் வைக்க முடியும். அதனால்தான் தனித்தனி அடியாகத் தெரிகிறது. மேலே கிடந்த உலர்ந்த மணலைச் சித்திரைக் காற்று வாரிக்கொண்டு போயிருக்கும். அடியில் இருந்தது வெளியே வந்திருக்கிறது. பகலில் வெயில் மேல்ஈரத்தைக் குடிக்கும். இரவில் கீழிருந்து மறுபடி ஏறும். உம்மா நடந்த பாதை அது. உம்மா நடக்கவில்லை.

நம்பிக்கை வராவிட்டால் ஒரு டப்பா அடித்தட மணலும் ஒரு டப்பா பக்கத்து மணலும் எடுத்து எடை போடுங்கள். வாணலியில் வறுத்து மறுபடி எடை போடுங்கள். எது அதிகம் குறைகிறது என்று பாருங்கள். அந்தப் பாதை எங்கே போய் முடிகிறது என்றும் பாருங்கள்.

கங்கம்மா விஷயத்தை இழுக்காதே என்கிறீர்கள். அவள் புருஷன் நாகமுத்து கேட்காமல் பாய்மரத்துக்கு நம் சவுக்கு ஒன்றை வெட்டினான். தப்புதான். அதற்குக் கடற்கரையில் இருபது பேர் நடுவே, நம் தொரவுத் தண்ணீர் ஒரு சொட்டுகூட அவன் வீட்டுக்குப் போகாது என்று அல்லாஹ் மேல் ஆணையிட்டீர்கள். அடுத்த வருடம் புயலில் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. இரண்டு சின்னப் பிள்ளைகளோடு அவள் குப்பத்துக் கிணற்று உப்புத் தண்ணீரைக் குடிப்பதைப் பார்த்த பிறகும் உங்கள் ஆணை ஆணையாகவே நின்றது. அன்று கிளம்பினவன் நான். உம்மாவை அடக்கம் பண்ணிய அன்றும் உங்களிடம் பேச எனக்கு வாய் வரவில்லை. மண்ணை மட்டும் எழுத நினைத்தேன், முடியவில்லை.

ஹனீப்

பழவேற்காடு
11-5-1958

ஹனீபு,

மணலை வறுத்தேன். பக்கத்து ஊட்டு முத்தம்மா எட்டிப் பார்த்து, பாய் இன்னா வேர்க்கடலையான்னு கேட்டா. ஆமான்னேன். ஒரு கை குடுங்கன்னா. இந்த மாசம் நான் சொல்ற பொய் எல்லாம் எனக்கே திரும்பி வருது.

நம்ம விறகுக் கடைத் தராசு பெரிசு, ஆகாது. மளிகைக் கடையில நகைத் தராசு மாதிரி ஒண்ணு வாங்கியாந்தேன். இருபது பலம் அடி மணல் வறுத்தப்புறம் ஒண்ணரைப் பலம் குறைஞ்சுது. பக்கத்து மணல் கால் பலம்கூடக் குறையல. நீ சொன்னது சரி. மண்ணு செய்யுது. எனக்கு உயிர் வந்துச்சு. அன்னிக்கு நாலு இட்லி கூடுதலாப் போச்சு.

அப்புறம் நீ சொன்ன ரெண்டாவது வேலை. ஈர்க்குச்சிக் கட்டு ஒண்ணு எடுத்துகினு போய் ஒவ்வொரு அடியிலயும் ஒரு குச்சி நட்டேன். பின்கட்டுல இருந்து தொரவு வரைக்கும் நாப்பத்தி மூணு. தொரவோட முடியும், தண்ணி எடுத்தா ஊட்டுக்குத்தானே திரும்பணும்னு நினைச்சேன்.

திரும்பல. தொரவுல இருந்து வடக்கே போவுது. தோப்பைக் குறுக்கே அறுத்துகினு போய் வடக்கு வேலியில நிக்குது. அங்க வேலி முள்ளு ஒரு ஆள் நுழையிற அளவு ஒதுக்கி இருக்குது. அந்தாண்ட கங்கம்மா குடிசை.

வேற ஒண்ணும் இருந்துச்சு. தொரவுக்கும் வேலிக்கும் நடுவுல மூணு இடத்துல வட்டம். ஈர வட்டம், குடத்தோட அடி அளவு. மொத வட்டத்துக்கும் ரெண்டாவதுக்கும் நல்ல தூரம். ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் தூரம் கம்மி. போகப்போக அவளுக்கு மூச்சு வாங்கி இருக்குது.

எனக்கு இன்னா தெரியும்? பொன்னேரி டாக்டர் அவளைப் பார்த்தப்போ, இருதயம் இவ்ளோ களைச்சுப் போயிருக்கே, பாரம் ஏதாச்சும் தூக்குறாங்களான்னு கேட்டார். எங்க ஊட்ல தண்ணி இழுக்க ஆள் இருக்குதுங்க, இவ தூக்குற பெரிய பாரம் சோத்துத் தட்டுதான்னு சொன்னேன். டாக்டர்கூட சிரிச்சார்.

குச்சியெல்லாம் புடுங்கிப் போட்டுட்டேன். குச்சி நட்ட இடத்துல நடந்து வர்றப்போ, எனக்கு முன்னால யாரோ அந்தத் தடத்துல கால் வச்சுப் போற மாதிரி இருந்துச்சு. வயசான ஆளு, வெயில் வேற.

வாப்பா

வைகை அணை வேலைத்தளம்
17-5-1958

வாப்பா,

உங்கள் கடிதம் வந்த அன்று வேலைக்குப் போகவில்லை. மேஸ்திரி யேசுதாஸ் வந்து காய்ச்சலா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இந்தப் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது.

எனக்கும் ஒன்றும் தெரியாது. உம்மா எழுத வைத்த கடிதங்களில் கோழி முட்டையிட்டதுவரை இருக்கும். இது மட்டும் இல்லை. நாகமுத்து போனது நவம்பரில். உம்மா போனது அடுத்த டிசம்பரில். பதின்மூன்று மாதம். பேருக்கு ஏற்றபடி ஹாஜிராவாகவே இருந்திருக்கிறார்கள், பிள்ளையின் தாகத்துக்குத் தண்ணீர் தேடிப் பாலை மணலில் ஓடிய அந்தக் கால ஹாஜிரா. நான் உங்களோடு சண்டை போட்டேன், நியாயம் பேசினேன், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினேன். ஒரு குடம் தண்ணீர் தூக்கவில்லை. உங்களை மட்டும் குற்றவாளியாக வைத்துக்கொண்டு இத்தனை நாள் நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கிறேன்.

இப்போது அந்தப் பிள்ளைகளுக்கு யார் தண்ணீர் கொடுக்கிறார்கள்? உம்மா போய் ஐந்து மாதம். அவர்கள் மறுபடி அந்த உப்புத் தண்ணீருக்குத்தான் போயிருப்பார்கள்.

ஆணையை முறிக்க மார்க்கத்திலேயே வழி இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு போட வேண்டும். ஹஜ்ரத்திடம் கேளுங்கள். அதில் உங்களுக்குச் சங்கடம் என்ன? ஊர் சிரிக்கும் என்றா?

கோடை மழை ஒன்று பெய்தால் அந்தத் தடம் அழிந்துவிடும். எல்லா மணலும் ஒரே ஈரமாகிவிடும். அதற்குள் ஒரு முடிவுக்கு வாருங்கள். அழிந்த பிறகு நீங்களும் பார்க்காததுபோல் இருந்துவிடுவீர்கள்.

ஹனீப்

பழவேற்காடு
2-6-1958

ஹனீபு,

மழை போன செவ்வாய்க்கிழமை பெஞ்சுது. நல்ல மழை, ஏரியே கலங்கிப்போச்சு. நான் வாசல்ல நின்னுகினு சந்தோஷப்பட்டேன். உன்கிட்ட மறைச்சு இன்னா ஆவப்போவுது? தடம் அழியட்டும்னுதான் சந்தோஷப்பட்டேன். அழிஞ்சதும் பத்துப் பேருக்கு மெதுவா, ரம்ஜான் பக்கத்துல, யாருக்கும் காரணம் தெரியாம சோறு போட்டுக்கலாம்னு கணக்குப் போட்டேன். என்னை உனக்குத் தெரியும்.

மறுநாள் தோப்பு முழுக்க ஒரே கருப்பு. தடம் இல்ல. வாயில ஒரு பாட்டுகூட வந்துச்சு. அதுக்கு அடுத்த நாளும் இல்ல. மூணாவது நாள் சுத்தி இருந்த மணல் எல்லாம் வெளுத்துச்சு. அடிகள் மட்டும் வெளுக்கல. முன்ன இருந்ததைவிடக் கருப்பா, பின்கட்டுல இருந்து வேலி வரைக்கும் ஒண்ணு விடாம நிக்குது. உன் படிப்பு அழியும்னு சொல்லிச்சே?

இன்னும் ஒண்ணு. வட்டம் மூணுன்னு எழுதினேன். இப்போ நாலு. நாலாவது, மூணாவதுக்கும் வேலிக்கும் நடுவுல, அந்தக் கோணச் சவுக்கு இருக்குதே, இடி விழுந்து சாய்ஞ்சது, அதோட அடியில. முன்ன அங்க ஒண்ணும் இல்ல. நான் முழங்கால் போட்டுத் தேடினவன், எனக்குத் தெரியும். விரலை வச்சு அழுத்தினேன். விரல் நுனியில தண்ணி ஒட்டிச்சு.

ஒரே ஒரு தடவை குடத்தை இறக்கி வச்சா வட்டம் விழுமா? சும்மாதான் கேக்குறேன்.

இப்போ நான் பள்ளிவாசலுக்குத் தெரு வழியாத்தான் போறேன். அந்தக் கோணச் சவுக்கைப் பார்க்காம இருக்க முடியல, பார்த்துகினும் இருக்க முடியல. பேஜாரா இருக்குது. சோறு இறங்கல. நான் சோறு இறங்கலன்னு சொன்னா எவ்வளோ பெரிய விஷயம்னு உனக்குத் தெரியும். சீக்கிரம் எழுது.

வாப்பா

வைகை அணை வேலைத்தளம்
8-6-1958

அன்புள்ள வாப்பாவுக்கு,

தப்பு என்னுடையது. மழை நின்றதும் தளர்ந்த மணல் தன் தண்ணீரைச் சீக்கிரம் கீழே விட்டுவிடும். இறுகிய மணல் விடாது, பிடித்துக்கொள்ளும். அதனால் மழை தடத்தை அழிக்காது, எடுத்துக் காட்டும். தினமும் இதே வேலையைச் செய்கிற நான் இதை முன்பே யோசித்திருக்க வேண்டும். தடம் அழியும் என்று நானும் ஆசைப்பட்டேனோ என்னவோ.

நாலாவது வட்டம் புதிதாக வந்திருக்காது. கோணச் சவுக்கு சாய்ந்த மரம், அதன் அடியில் சருகு கனமாக விழுந்திருக்கும். மழை சருகை அடித்துக்கொண்டு போயிருக்கும். வட்டம் முன்பே அங்கே இருந்திருக்கிறது.

ஒரு தடவை இறக்கி வைத்தால் விழுமா என்று கேட்டீர்கள். விழாது. ஒரு தடவை வைத்த குடத்தின் அடையாளம் அன்று மாலைக் காற்றிலேயே போய்விடும். விரலில் தண்ணீர் ஒட்டும் அளவுக்கு மணல் இறுக வேண்டுமானால் நூறு தடவை, இருநூறு தடவை அங்கே பாரம் இறங்கியிருக்க வேண்டும்.

அது ஏன் ஒரு தடவை என்று கேட்டீர்கள்?

பக்ரீதுக்கு லீவு கேட்டிருக்கிறேன். கிடைத்தால் வருவேன். வந்தால் தோப்பு வழியாகத்தான் வருவேன்.

ஹனீப்

பழவேற்காடு
16-6-1958

ஹனீபு,

பத்துப் பேருக்கு வெள்ளிக்கிழமை சோறு போட்டாச்சு. ஹஜ்ரத்துக்கு மட்டும் காரணம் தெரியும். மத்தவங்ககிட்ட உன் உம்மா பேரைச் சொல்லிப் போடுறேன்னு சொன்னேன். பாதிப் பொய்தான், இந்த மாசத்துக்கு அது எனக்கு முன்னேற்றம். பதினோராவது இலையில நான் உக்காந்தேன். ஹஜ்ரத் என்னை எழுப்பிவிட்டு, இது உங்களுக்கு இல்ல பாய்னு சொன்னார்.

சனிக்கிழமை விடிஞ்சதும் அவ குடத்தை எடுத்தேன். இடுப்புல வச்சேன், நிக்கல. என் இடுப்பு அதுக்கு லாயக்கு இல்ல, உருண்டை. தோள்ல வச்சேன். பாதித் தண்ணி முதுகுல. அவ வச்ச அடியிலயே கால் வச்சு நடந்தேன். வேற இடத்துல வச்சா மணல் புதையுது, பாரத்தோட நடக்க முடியல. அவ அடி மட்டும் கல்லு மாதிரி தாங்குச்சு.

மொத வட்டத்துல நிக்கக் கூடாதுன்னு வீம்பு. ரெண்டாவதுல இறக்கிட்டேன். வட்டத்துல குடம் அச்சா உக்காந்துச்சு, பொட்டுகூட ஆடல. மூணாவதுலயும் இறக்கினேன். கோணச் சவுக்குல நிக்காம போயிடணும்னு வேகமாத்தான் நடந்தேன். முடியல. மூச்சு அங்க வந்துதான் நிக்குது. நாலாவது வட்டத்துலயும் இறக்கினேன்.

வேலி இடுக்குல நுழைஞ்சு குடிசைப் பின்னால குடத்தை வச்சேன். வச்ச சத்தம் கேட்டுது போல. உள்ளே இருந்து தூக்கக் கலக்கத்துல கங்கம்மா குரல்.

“வச்சுட்டுப் போக்கா. வரேன்.”

ஆறு மாசம் முன்ன செத்துப்போனவளுக்குச் சொன்ன பதில் அது. குடத்துல வச்ச கையை எடுக்காம நின்னுட்டேன். தான் இன்னா சொன்னோம்னு அவளுக்கும் உறைச்சிருக்கணும். ரொம்ப நேரம் கழிச்சுத்தான் ஓலைத் தட்டி விலகிச்சு. முதல்ல குடத்தைப் பார்த்தா. அது அவளுக்குத் தெரிஞ்ச குடம். அப்புறம்தான் என்னைப் பார்த்தா. சின்னப் பொண்ணு ரத்னா அம்மா பின்னால நின்னுகினு இருந்துச்சு, உதட்டு ஓரமெல்லாம் வெடிச்சுப்போய்.

“இன்னா பாய், ஆணை அறுந்துபோச்சா?”ன்னு கேட்டா.

“நேத்தோட முடிஞ்சுது கங்கம்மா. இனிமே தொரவு உன்னுது. நீயே வந்து மொண்டுக்கோ.”

அவ தன் குடத்துல தண்ணியை ஊத்திகினு, காலிக் குடத்தை என்கிட்ட நீட்டினா. பிடியை விடல.

“அக்கா எங்களுக்குத் தண்ணி எடுத்தாந்தது உங்களுக்குத் தெரியுமா பாய்? தெரியவே கூடாதுன்னு பயந்துகினே இருப்பாங்க.”

“இந்த மண்ணு சொல்லித்தான் எனக்கே தெரியும்”னு சொன்னேன்.

அவ நம்பிட்டா. பிடியை விட்டா. திரும்பி வந்துட்டேன். நீ பக்ரீதுக்கு வந்தா உன் முகத்துக்கு நேரா இதைச் சொல்ல எனக்கு வராது. அதனால கேட்டியே, ஏன் ஒரு தடவைன்னு, அதுக்குப் பதில் இங்கயே எழுதிடறேன்.

உன் உம்மா போறதுக்கு ஒரு மாசம் முன்ன, ஒரு நாள் காலையில நான் தோப்பு வழியா வந்தேன். கோணச் சவுக்கு அடியில அவ குடத்தை இறக்கி வச்சு, மரத்துல ஒரு கையும் நெஞ்சுல ஒரு கையுமா நின்னுகினு இருந்தா. தண்ணி எங்க போவுதுன்னு எனக்கு அந்த நிமிஷமே தெரியும். பத்தடி போனா குடத்தை வாங்கியிருக்கலாம். வாங்கினா என் ஆணை போயிடும். பார்க்கலன்னா ஆணையும் இருக்கும், அந்தப் பிள்ளைங்களுக்குத் தண்ணியும் போவும்னு, என் எட்டாவது படிப்பு அன்னிக்கு ரொம்ப நல்லா வேலை செஞ்சுது. வெட்டிப் போட்ட விறகுக் கட்டு பின்னால ஒதுங்கிட்டேன். தெரு வழியா ஊட்டுக்குப் போய், அவ வந்ததும் நாஷ்டாவுக்கு ஏன் இவ்ளோ நேரம்னு கேட்டேன். டாக்டர் கேட்டப்போ சோத்துத் தட்டுன்னு சொன்னேன்.

கங்கம்மாகிட்ட சொல்லாம வந்தது இதுதான். நான் பார்த்தது அந்த ஒரு நாள். அங்க அவ நின்னதே அந்த ஒரு நாள்தான்னு நினைச்சுகினு இருந்தேன். உன் கணக்குப்படி இருநூறு நாள்.

வாப்பா